புவனாவின் டெல்லி

இளமதிக்கு இரண்டு ஊரில் இடம் கிடைத்தது. ஒன்று டெல்லி, இன்னொன்று ஹைதராபாத். இரண்டும் மத்தியப் பல்கலைக்கழகம், இரண்டும் நிதித்துறையில் முதுகலைப் படிப்பு, இரண்டுக்கும் நாடு முழுக்கப் பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு நுழைவுத்தேர்வு எழுதுகிறார்கள். கறம்பக்குடிக்குப் பக்கத்தில், மினி பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை என்கிற ஊரில் ஒரு பெண்ணுக்கு இப்படி இரண்டு கதவு திறந்தால் அந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும்? ஒரு கேசரியாவது கிண்ட வேண்டும். அன்றைக்கு என் அக்கா சொர்ணவல்லி வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. அக்கா சாமி அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, செத்துப்போன பெரிய மகளிடம் ரிசல்ட் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் சொர்ணவல்லியின் தங்கை, பிரகதாம்பாள். ஆவுடையார்கோவில் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, இங்கேயும் சொல்வதாக இல்லை. லீவு கிடைத்தால் அறந்தாங்கியில் பஸ் மாறி அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அந்த வீட்டில் நடந்ததை எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில்தான் இளமதியைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

பெரியவள் பெயர் புவனேஸ்வரி. புதுக்கோட்டையில் பி.காம். படித்தாள். எங்கள் வம்சத்திலேயே முதல் முதலாக வடக்கே படிக்கப் போகவேண்டிய பெண் அவள். டெல்லியில் எம்.காம். நிதிப் பிரிவில் இடம் வாங்கிவிட்டாள். பெட்டி கட்டி, ரயிலுக்கு டிக்கெட் எடுத்து, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த பிறகு, போக வேண்டிய அதே வாரத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். மாத்திரை போட்டால் இறங்கிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனபோது ரத்தத்தில் தட்டணுக்கள் எல்லாம் குறைந்துபோயிருந்தன. டெங்கு என்றார்கள். அவளுக்கு இருபத்தொரு வயது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாத பெண் செத்தால் அவள் போய்விடுவதில்லை. வீட்டுச்சாமி ஆகிவிடுவாள். வருசத்துக்கு ஒரு தடவை, ஆடி மாதத்தில், மனைப்பலகை போட்டு, புதுத்துணி எடுத்து வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படையல் போடுவோம். நல்லது கெட்டது எது என்றாலும் அவளிடம் உத்தரவு கேட்ட பிறகுதான். படைத்த துணியை வீட்டிலேயே அவளுக்கு இளையவள் ஒருத்தி உடுத்த வேண்டும், மூத்தவர்கள் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். புவனாவுக்குப் பரோட்டா சால்னா என்றால் உயிர். பன்னீர் சோடா என்றால் அதற்கும் மேலே. பரோட்டா சால்னா படைக்கும் வீட்டுச்சாமி இந்த ஜில்லாவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த வீட்டில் அவளுக்கு இளையவள் என்று இருந்தது இளமதி மட்டும்தான். அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. முதல் படையல் முடிந்ததும் புவனாவின் அளவுக்கு எடுத்த சுடிதாரை அவளுக்கு மாட்டிவிட்டார்கள். தோள் நழுவியது, கை விரல்நுனி வரை மூடியது. நான் ஊசி நூல் எடுத்துப் பிடித்துத் தைக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தைக்காத பிரகதா. அவ போட்டுருக்கற மாதிரியே இருக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. "அவ"ன்னா யார் என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

அதற்குப் பிறகு இளமதி அந்தச் சுடிதாருக்குள்ளேயே வளர்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். பத்தாவது முடித்ததும் கணக்குப் பாடம் உள்ள பிரிவில்தான் சேர்ந்திருப்பாள். யாரும் கேட்கவில்லை. புவனா எடுத்த காமர்ஸ், புவனா படித்த காலேஜ், புவனா இருந்த ஹாஸ்டல். அங்கே வகுப்புக்கு வந்த மேடம், "புவனேஸ்வரி தங்கச்சியா நீ?" என்றுதான் முதல் நாள் பேச ஆரம்பித்தாராம். கஜா புயலில் அக்கா வீட்டுக்காரர், என் மச்சானுடைய தென்னைகள் எல்லாம் வேரோடு சாய்ந்தபோது, வீடு மட்டும் தப்பித்ததற்குக் காரணம் புவனா என்றாள் அக்கா. இளமதி பல்கலைக்கழக ரேங்க் வாங்கினாள். அதுவும் புவனா.

"படிச்சது நானு சித்தி, மார்க்கு அவளுக்கு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அக்கா மேல் சாமி வருவதையும் சொல்லிவிட வேண்டும். தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிற எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை எல்லாம் கிடையாது. அங்கே உயிரோடு இருக்கிறவர்களே போதுமான அளவுக்குப் பயமுறுத்துவார்கள். ஆனால் முதல் தடவை படையல் முன்னால் அக்காவுக்கு உடம்பு உதறி, குரல் மாறி, "அதில்ல..." என்று ஆரம்பித்தபோது நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எதைப் பேசினாலும் "அதில்ல" என்று ஆரம்பிப்பது புவனாவின் பழக்கம். அக்கா ஐந்தாவது வரை படித்தவள். சாமி வந்தால் கட்-ஆஃப் என்பாள், கவுன்சிலிங் என்பாள். மகள் பேசக் கேட்டு மனசில் தங்கியிருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். விளக்கம் சரிதான். இருந்தாலும் அன்றைக்கு அந்த வீட்டில் தனியாகப் பின்கட்டுக்குப் போகவில்லை.

பி.காம். முடித்த இளமதி புதுக்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஒரு வருசம் வேலை பார்த்தாள். வேலை பார்த்துக்கொண்டே நுழைவுத்தேர்வுக்குப் படித்தாள். இடம் கிடைத்த விவரம் வந்த அடுத்த சனிக்கிழமை, கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் வைத்து என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

டெல்லியில் கிடைத்தது புவனாவுக்குக் கிடைத்த அதே பல்கலைக்கழகம், அதே துறை. பெயர் பெரிய பெயர். அங்கே படித்து முடித்தால் பெரிய வங்கிகளும் கம்பெனிகளும் வாசலுக்கே வந்து ஆள் எடுக்கும். ஆனால் பாடத்தில் பாதி, அவள் பி.காமில் படித்ததையே இன்னும் கொஞ்சம் விரித்தது. ஹைதராபாத்தில் பெயர் அவ்வளவு பெரிதில்லை. அங்கே பாதி கணக்கு, பாதி நிதி. காப்பீடு, ஆபத்துக்கு விலை போடுவது, புள்ளியியல் என்று அவளுக்குப் பிடித்ததாக எல்லாம் இருந்தது. இரண்டு இடத்திலும் படிக்கும் சீனியர்களைத் தேடிப்பிடித்துப் போனில் பேசியிருந்தாள். டெல்லிப் பெண் நேர்மையாகச் சொல்லிவிட்டாளாம், பெயருக்காக என்றால் தாராளமாக வா என்று.

"ஆபத்துக்கு வெலையா? அது என்னடி கண்றாவி?" என்றேன்.

"ஒரு தாலுகாவுல ஒரு வருசத்துக்கு எத்தனை வீட்டுல சாவு விழும்னு ஓரளவுக்குச் சொல்லிரலாம் சித்தி. எந்த வீடுன்னுதான் சொல்ல முடியாது. புயலும் அப்படித்தான். அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு கணக்கு இருக்கு. அதைப் படிக்கணும்."

"டீ குடிக்கிற நேரத்துல சாவைப் பத்திப் பேசணுமா?"

"நம்ம வீட்டுல எந்நேரமும் அதான சித்தி ஓடுது."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், நானும் டெல்லிதான் என்றேன். சாமிக்காக இல்லை. அரசாங்க ஆபீசில் இத்தனை வருசம் குப்பை கொட்டியவளுக்குப் பெயரின் மதிப்பு தெரியும். எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பது எங்கே படித்தாய் என்றுதான். டெல்லியை விட்டால் திரும்பக் கிடைக்காது, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுப்பார்கள் என்றேன்.

"அதான் சித்தி. கண்ணை மூடிக்கிட்டுத்தான் எடுக்கணும்."

"பிடிக்கலன்னா அங்க ஏண்டி அப்ளை பண்ணின?"

"அம்மா பக்கத்துல உக்காந்திருந்துச்சு."

பிறகு அவளே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு ஹைதராபாத் புடிச்சிருக்கா, இல்ல அது டெல்லி இல்லங்கறதுனால புடிச்சிருக்கா, அதுவே எனக்குத் தெரியல. எது என் ஆசைன்னு பிரிச்சுப் பாக்க முடியல சித்தி. எதைத் தொட்டாலும் அவ இருக்கா."

கண்ணில் தண்ணீர் இல்லை. பிள்ளை இத்தனை வருசமாக எந்தப் பேயோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

காலேஜில் கொடுத்த டி.சி. ஒன்றுதான். எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் அசலை அங்கே ஒப்படைக்க வேண்டும். இரண்டு ஊரிலும் ஒரே வாரத்தில் சேர்க்கை. இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

அக்கா வீட்டில் அதைப் பற்றி விவாதமே நடக்கவில்லை. வீட்டில் எல்லோருடைய கண்ணுக்கும் டெல்லி மட்டும்தான் தெரிந்தது. மற்ற வீடுகளில் பெண்ணைத் தூரத்துக்கு அனுப்பத் தாய் அழுவாள். எங்கள் அக்கா தூரம் போதாது என்று அழுதாள். நான் மெதுவாக ஹைதராபாத் பேச்சை எடுத்தேன். எனக்குப் பின்னால் யாரோ நிற்பது போல், அக்கா என் தோளுக்கு மேலே பார்த்துப் பேசினாள்.

"அவ பாதியில விட்டது பிரகதா. இவ போனாத்தான் அவ போன மாதிரி."

மச்சான் பழனிச்சாமி நல்ல மனுசன். ஆனால் நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் வாய் வலிக்கும் என்று நினைப்பவர். "சாமி என்ன சொல்லுதோ பாப்போம்" என்றார். டெல்லிக்குப் போகக் கனவு கண்டு செத்தவளிடம் போய் டெல்லியா ஹைதராபாத்தா என்று கேட்பதாம். வாதியையே நீதிபதியாக உட்கார வைத்த கதை. என் வாயில் வந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். அக்கா என்னோடு இரண்டு வேளை பேசவில்லை.

ஆடி வெள்ளிக்கிழமை சாயந்தரம் படையல் போட்டோம். மனைப்பலகையைக் கழுவிக் கோலம் போட்டு, வாழை இலை விரித்து, கறம்பக்குடியிலிருந்து வாங்கிவந்த பரோட்டாவை மச்சான் பிய்க்காமல் அடுக்கி வைத்தார். சால்னா தனிக் கிண்ணத்தில். சோடா பாட்டிலைத் திறந்து வைத்தார். கண்ணாடி வளையல், கனகாம்பரம், கண்மை, அதற்குப் பக்கத்தில் மடிப்புக் கலையாத நீலச் சுடிதார். விளக்கு ஏற்றிக் கற்பூரம் காட்டியதும் அக்காவுக்குத் தோள் குலுங்கியது. கொண்டை அவிழ்ந்து விழுந்தது.

"அதில்ல..."

மச்சான் மகளைக் கும்பிட்டார். பெற்ற மகளைத் தகப்பன் கைகூப்பிக் கும்பிடுவதைப் பார்க்க எனக்கு எந்த வருசமும் தாங்காது.

"என்ன ஆத்தா வேணும், சொல்லு ஆத்தா."

"அதில்ல. பெட்டி கட்டியாச்சு. டிக்கெட்டு எடுத்தாச்சு. எல்லாருகிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன். இன்னும் ஏன் என்னைய அனுப்ப மாட்டேங்கறீங்க?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட பிள்ளை வீட்டில் இருப்பவர்களை அவசரப்படுத்துகிற மாதிரி இருந்தது. வெளியே வெளிச்சம் இருந்தது. தெருவில் யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள்.

அக்கா, அல்லது புவனா, எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, பலகையிலிருந்து சுடிதாரை எடுத்து இளமதியிடம் நீட்டினாள்.

"இந்தா. உடுத்திக்கிட்டுக் கெளம்பு. நானும் ஒன் கூடவே வாரேன்."

இளமதி கையை நீட்டவில்லை. ஒவ்வொரு வருசமும் பேசாமல் வாங்கி உடுத்தியவள், அன்றைக்குச் சுவரோடு சாய்ந்து நின்றபடியே இருந்தாள்.

"நான் உடுத்தக் கூடாது" என்றாள்.

"வாங்கிக்க பிள்ள" என்றார் மச்சான் பதறிப்போய்.

"இல்லப்பா. வழக்கம் அப்படி. எளையவதான் உடுத்தணும், மூத்தவ தொடக் கூடாது." பிறகு அவள் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "சித்திரையில எனக்கு இருபத்திரெண்டு முடிஞ்சிருச்சு. ஒனக்கு இன்னும் இருபத்தொண்ணுதான். நான் இப்ப ஒனக்கு மூத்தவ, புவனா."

அவள் தன் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. மச்சான் கூப்பிய கையை இறக்கவும் இல்லை, மறுபடி கும்பிடவும் இல்லை. அவர் வாய் மட்டும் ஏதோ கணக்குப் போடுவது போல அசைந்தது. அந்தக் கணக்கு யாருக்குமே தோன்றவில்லை. வருசா வருசம் நாள் தவறாமல் அவளுக்குப் படையல் போட்ட நாங்கள், சின்னவள் வயதும் ஏறுகிறது என்பதை மறந்துபோனோம். செத்தவளுக்கு வயது ஏறாது என்பதையும் சேர்த்துத்தான்.

அக்காவின் உடம்பில் ஆட்டம் நின்றது. சாமி மலையேறிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. சுடிதாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி, அதுவரை நான் கேட்காத ஒரு குரலில் கேட்டது.

"அதில்ல... அப்ப நான் யாரு கூடப் போறது?"

இளமதி உடைந்துவிட்டாள். ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே பேசினாள்.

"நீ தனியாப் போலாம் புவனா. ஒனக்குக் கெடச்ச சீட்டு அது. நீயாப் படிச்சு வாங்கினது. அம்மா வந்து ஒன்னைய விட்டுட்டு வரும். என்னால வர முடியாது. எனக்கு வேற ஊரு."

அக்கா அப்படியே சரிந்து அவள் மடியில் விழுந்தாள். தண்ணீர் தெளித்தோம். கண்ணைத் திறந்ததும் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"என்ன சொன்னா?"

எப்போதும் மச்சான்தான் சொல்வார். அன்றைக்கு அவர் விளக்கைத் தூண்டுவது போல் திரும்பிக்கொண்டார்.

"டெல்லிக்குப் போறாளாம்" என்றாள் இளமதி. "நீதான் கொண்டு போயி விடணுமாம்."

"நானா? அப்ப நீயி?"

"நான் ஹைதராபாத் போறேம்மா."

அக்கா வெகுநேரம் சின்ன மகளின் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், ஒப்பாரி வைப்பாள் என்று நினைத்தேன். எழுந்து கொண்டையை முடிந்துகொண்டாள். "துணியெல்லாம் எடுத்து வைக்கணும்" என்றாள்.

பிறகு இளமதியைக் கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "அம்மாவை ஏமாத்தினியாடி?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல சித்தி. பேச ஆரம்பிக்கும்போது அம்மாகிட்டதான் பேசினேன். கடைசியில யாருகிட்ட பேசினேன்னு எனக்குத் தெரியல."

இப்படியாக, எங்கள் குடும்பம் ஒரே வாரத்தில் இரண்டு பெண்களைக் காலேஜில் சேர்க்கப் புறப்பட்டது. மச்சானும் இளமதியும் ஹைதராபாத்துக்கு. அக்காவும் நானும் டெல்லிக்கு. நான் ஆபீசில் லீவு கேட்டபோது என்ன காரணம் என்றார்கள். அக்கா பெண்ணைக் காலேஜில் சேர்க்க என்றேன். அதில் பொய் எது என்று எனக்கே சொல்லத் தெரியாது.

சென்னையில் ரயில் மாறினோம். அக்கா என்னை ஜன்னலோரத்திலிருந்து எழுப்பிவிட்டாள். புதுச் சுடிதார், வளையல், கொஞ்சம் முறுக்கு எல்லாம் இருந்த பையை அங்கே வைத்தாள். வழியில் ஏறிய ஒருவர் அந்த இடத்தைக் காட்டி ஏதோ இந்தியில் கேட்டார். "ஆளு வருது" என்றாள் அக்கா தமிழில். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார். மறுபேச்சு பேசாமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். நான் ஏதாவது பேசி மழுப்பியிருக்கலாம். எனக்கும் அந்த இடத்தில் யாரும் உட்காருவது பிடிக்கவில்லை.

டெல்லியில் பல்கலைக்கழக வாசல் திருவிழாக் கூட்டமாக இருந்தது. பெட்டியும் பக்கெட்டும் தலையணையுமாக அப்பா அம்மாக்கள். காவலாளி அட்டை கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஏதோ சொன்னேன். கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டோம். மாணவிகள் விடுதிக்கு முன்னால் ஒரு வேப்பமரம். அதன் அடியில் சிமெண்ட் மேடையில் ஒரு வடநாட்டு அம்மாள் மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் இந்தியில் ஏதோ கேட்டாள். அக்கா தமிழில், "எனக்கும் பொண்ணுதான். பைனான்சு" என்றாள். இருவரும் அவரவர் பாசையில் வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். நடுவில் இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். எதற்கு அழுதார்கள் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் தெரிந்தது போலத்தான் இருந்தது.

அவர்கள் எழுந்து போன பிறகு அக்கா பையை மரத்தடியில் வைத்தாள். சுருக்குப் பையிலிருந்து திருநீறு எடுத்து அதன் மேல் பூசினாள். நான் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள்?

"நல்லாப் படி ஆத்தா. வேளாவேளைக்குச் சாப்புடு. வீட்டு நெனப்பு வந்தா அழுவாத. தங்கச்சி அங்கிட்டு இருக்கா, நீ இங்கிட்டு இருக்க. ரெண்டு பேரும் தைரியமா இருக்கணும்."

சொல்லிவிட்டு எழுந்தாள். "திரும்பிப் பாக்காம வா" என்று என்னிடம் சொன்னாள். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வரும் தாய்மாரும் அதையே சொல்வதுண்டு. அக்கா எதை நினைத்துச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். என் புத்தி அப்படி. விடுதியின் மாடி வராந்தாவில் பெண்கள் வரிசையாக நின்று கீழே இருந்த பெற்றோருக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒற்றைப் பின்னல் போட்ட ஒருத்தி எங்கள் பக்கம் பார்த்துக் கையசைத்தாள். எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. யாரோ ஒரு வீட்டுப் பெண், தூரத்தில் ஆள் தெரியாமல் அசைத்திருப்பாள். என் கை தானாக உயர்ந்தது. நானும் அசைத்தேன். அதை இன்றுவரை அக்காவிடம் சொல்லவில்லை.

ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது இளமதி போன் செய்தாள். சேர்ந்தாகிவிட்டது, டி.சி. கொடுத்தாகிவிட்டது, அப்பா ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அவளுக்கு ரூம் கெடச்சுச்சாம்மா?" என்று கேட்டாள்.

கேலி இல்லை. சமாதானப்படுத்தும் குரலும் இல்லை. ஒரே வாரத்தில் காலேஜ் சேர்ந்த ஒரு சகோதரி இன்னொருத்தியைப் பற்றி விசாரிக்கிற குரல், அவ்வளவுதான். நான் அக்காவைப் பார்த்தேன்.

"கெடச்சிருச்சு" என்றாள் அக்கா. "மரத்தைப் பாத்த மாதிரி ரூமு. நல்ல காத்து." பிறகு போனை என்னிடம் தள்ளிவிட்டு, தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். புவனா செத்த அன்றைக்குக்கூட அக்கா இப்படிச் சத்தமில்லாமல் அழுது நான் பார்த்ததில்லை.

நான் ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்தேன்.

"என்னடி, ஹாஸ்டல் நல்லாருக்கா?"

"நல்லாருக்கு சித்தி. ரூம்மேட் இன்னும் வரல. நான் மட்டும்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சித்தி, எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்குடி பயம்? அதான் எல்லாம் ஒன் இஷ்டப்படி ஆயிருச்சே. அங்கிட்டும் ஏதாச்சும் பேய் கீய் இருக்கா?" என்று சிரிக்க வைக்கப் பார்த்தேன்.

"இல்ல சித்தி" என்றாள். "யாருமே இல்ல. அதான்."